பேரன்ரிங் கிளாசுக்குப் போனால் பிள்ளைகள் திரும்பி வருவார்களா?

பூவரசம்பூ எழுதியது:

அக்காமார், அண்ணாமார் எல்லாருக்கும் வணக்கம். இதை எழுதலாமா வேண்டாமா என்று நாலு நாளாக யோசித்தேன். தெரிந்த ஆட்களிடம் கேட்க வெட்கமாக இருக்கிறது, அதனால் இங்கே கேட்கிறேன்.

நான் கனடாவில், ரொறன்ரோவின் ஸ்காபரோவில் இருக்கிறேன். மகளுக்கு எட்டு வயது, மகனுக்கு நாலு. அவர்களின் அப்பா பிரிந்து போய் இரண்டு வருடமாகிறது. எனக்கு பாண் பொதி செய்கிற இடமொன்றில் இரவு வேலை, பத்து மணிக்கு வெளிக்கிட்டால் காலை ஏழு மணிக்குத்தான் வீடு. முதலில் கீழ் வீட்டு ஆன்ரி ஒருவர் இரவில் வந்து படுத்தார். அவர் மகளோடு இருக்க வேறு ஊருக்குப் போனபிறகு, பிள்ளைகள் நித்திரைதானே, கதவைப் பூட்டிவிட்டுப் போனால் என்ன என்று நினைத்துவிட்டேன். ஒருநாள் இரவு மகன் எழும்பி அழ, பக்கத்து வீட்டுக்காரர் பொலிசுக்கு அழைத்திருக்கிறார். அன்றைக்கு எச்சரித்துவிட்டு பிள்ளைப் பாதுகாப்பு நிறுவனத்தின் ஒரு வேர்க்கரை எங்கள் வீட்டுக்குப் போட்டார்கள், இனித் தனியாக விடமாட்டேன் என்று கையெழுத்தும் வைத்தேன். பிறகு ஒரு மாதம்கூட ஆகவில்லை. நித்திரை இல்லாமல் வந்த ஒரு பின்னேரம், வீட்டுப்பாடம் செய்யாமல் மகள் ஐபாடோடு இருந்தாள், நான் அகப்பைக்காம்பால் அடித்துவிட்டேன். கையில் கண்டிப்போய்விட்டது. அடுத்தநாள் ரீச்சர் கேட்க அவள் சொல்லியிருக்கிறாள். அன்றே இரண்டு பேரையும் கொண்டுபோய்விட்டார்கள்.

இன்றைக்கு 26 நாள். பொஸ்டர் வீட்டில், அதாவது தற்காலிகமாகப் பிள்ளைகளைப் பார்க்கிற வேறொரு குடும்பத்தின் வீட்டில் இருக்கிறார்கள், நல்ல ஆட்கள் என்றுதான் சொல்கிறார்கள், ஆனால் தமிழ் இல்லை. கிழமைக்கு இரண்டு தரம் ஒன்றரை மணித்தியாலம் ஓர் அலுவலக அறையில் பார்க்க விடுகிறார்கள். ஒருவர் மூலையில் இருந்து எழுதிக்கொண்டே இருப்பார். போகிற நேரம் மகன் என் சட்டையைப் பிடித்தால் விடமாட்டான். மகள் என்னோடு கதைக்கிறாளே இல்லை, படம் கீறிக்கொண்டு குனிந்தபடி இருக்கிறாள்.

பிள்ளை வளர்ப்பைச் சொல்லித் தருகிற பேரன்ரிங் கிளாசில் உடனே சேரச் சொல்கிறார் லோயர், வேர்க்கரும் ஒரு பட்டியல் தந்திருக்கிறார். அதற்குப் போனால் நான் கூடாத தாய் என்று நானே எழுதிக் கொடுத்தது போல் ஆகாதா, கோட்டில் அதை எனக்கு எதிராகக் காட்டமாட்டார்களா? என் ஆங்கிலம் கடைக்குப் போய் வருகிற அளவுதான், அங்கே இருந்து எனக்கு என்ன விளங்கும்? எல்லாவற்றையும் விட, இங்கே யாராவது அப்படிப் போயிருக்கிறீர்களா, பிள்ளைகள் திரும்பி வந்தார்களா? ஆறுதலுக்காகச் சொல்லாமல் உள்ளதைச் சொல்லுங்கள்.

கோண்டாவில்காரி எழுதியது:

தங்கச்சி, வந்தார்கள். அதை முதலில் சொல்லிவிடுகிறேன், மிச்சத்தை ஆறுதலாக வாசியுங்கள். என் இரண்டு பொடியன்களும் பதினொரு மாதம் வெளியில் இருந்தார்கள். இப்போது என்னோடுதான், பெரியவன் ஒன்பதாம் வகுப்புக்கு வந்துவிட்டான்.

கிளாஸ் என்றதும் எனக்கும் உங்களைப் போலத்தான் பத்திக்கொண்டு வந்தது. இரண்டு பிள்ளை பெற்று வளர்த்தவளுக்கு இவர்கள் என்ன படிப்பிக்கப் போகிறார்கள் என்ற கோபம். முதல் நாலு கிழமையும் குளிர் ஜக்கெற்றைக்கூடக் கழற்றாமல் கதவுக்குப் பக்கத்திலேயே இருந்துவிட்டு வந்தேன். ஒரு சமூக நிலையத்தின் கீழ்த்தளத்தில், கதிரைகளை வட்டமாகப் போட்டு, பதினான்கு பேர். சோமாலியா, பிலிப்பைன்ஸ், ஜமேக்கா, வெள்ளைக்காரர் எல்லாரும் இருந்தார்கள், எங்கள் ஆட்கள் நான் ஒருத்திதான். பஸ்சுக்குக் காசும், போனவுடன் சூப்பும் பாணும் தந்தார்கள். பிள்ளைகள் கூட இருப்பவர்களுக்குப் பக்கத்து அறையில் பிள்ளைகளைப் பார்க்க ஆள் இருந்தது. அந்த அறையில் இருந்து வருகிற பிள்ளைகளின் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு இருப்பதுதான் எனக்கு முதல் நாட்களில் பெரிய கஷ்டம்.

என்ன படிப்பித்தார்கள் என்றால், ஆரம்பத்தில் வயதுக்கணக்கு. நாலு வயதுப் பிள்ளையால் எவ்வளவு நேரம் ஓரிடத்தில் இருக்க முடியும், ஒரே நேரத்தில் எத்தனை சொல் கேட்டுச் செய்ய முடியும் என்பது போல. என் சின்னவன் சொல்வழி கேட்பதில்லை என்று நான் கோபப்பட்டதில் பாதி, அந்த வயதில் அவனால் செய்யவே முடியாத விசயம் என்று அப்போதுதான் விளங்கியது. எனக்கு யாரும் இதை முன்னம் சொல்லித் தந்ததில்லை. ஊரில் என்றால் அம்மம்மா, மாமி, பெரியம்மா என்று வீட்டைச் சுற்றி ஆட்கள், ஒருத்தி அடிக்கக் கை ஓங்கினால் இன்னொருத்தி பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போய்விடுவாள். இங்கே நானும் நாலு சுவரும்.

பிறகு பாராட்டுவது. சும்மா நல்ல பிள்ளை என்று சொல்லாமல், தம்பிக்கு விளையாட்டுச் சாமானை விட்டுக் கொடுத்தாயே, அது எனக்குச் சந்தோசம் என்று செய்ததைப் பெயர் சொல்லிச் சொல்ல வேண்டும். கேட்க லேசாக இருக்கும். எனக்கு வாய் வரவில்லை. எங்கள் வீட்டில் பிள்ளையை முன்னால் வைத்துப் புகழ்ந்தால் நாவூறு படும் என்பார்கள், அம்மா என்னைப் பற்றி நல்லதாக ஒரு சொல் சொன்னதை நான் ஆட்கள் சொல்லித்தான் கேட்டிருக்கிறேன். இரண்டு கிழமை கண்ணாடிக்கு முன்னால் நின்று பழகினேன், உண்மையாக.

வீட்டுவேலையும் தருவார்கள். ஒருதரம் தந்தது, பிள்ளையோடு பத்து நிமிடம் விளையாடுங்கள், அந்தப் பத்து நிமிடமும் ஒரு கட்டளையும் போடக்கூடாது, கேள்வியும் கேட்கக்கூடாது, அவன் போகிற பக்கம் போங்கள் என்று. நான் அதைப் பார்வை நேரத்தில்தான் செய்தேன். மேசைக்குக் கீழே விரல் மடக்கி எண்ணினேன். இங்கே வை, அதைத் தொடாதே, நேராக இரு, ஏன் அப்படிச் செய்கிறாய். பத்து நிமிடத்தில் இருபத்திரண்டு! அடுத்த கிழமை ஒன்பது. அதற்கடுத்த கிழமை என் சின்னவன் லெகோ வீட்டுக்குள் ஒரு ஆளை வைத்து, இது அம்மா, இவ வேலைக்குப் போகேல்லை என்றான்.

ஐந்தாம் கிழமை நடந்ததையும் சொல்ல வேண்டும். உங்களைச் சின்ன வயதில் அடித்த ஒரு நாளை நினைத்துப் பாருங்கள், விரும்பினால் சொல்லுங்கள் என்றார் படிப்பித்தவர். எனக்கு ஒரு கதை இருக்கிறது, நாங்கள் சகோதரங்கள் கூடினால் சிரித்துச் சிரித்துச் சொல்கிற கதை. 90களில் யாழ்ப்பாணத்துக்கு மண்ணெண்ணெய் வராத காலம், போத்தல் கணக்கில் விற்ற காலம். அப்பா பகல் முழுக்க வரிசையில் நின்று வாங்கி வந்த போத்தலை நான் தட்டி ஊற்றிவிட்டேன். பூவரசம் தடி முறிகிற அளவுக்கு அடி. அதைச் சிரித்துக்கொண்டுதான் சொல்லத் தொடங்கினேன், பாதியில் என்னால் சொல்ல முடியவில்லை. எனக்கு அப்போது ஏழு வயது, அடி விழ விழ அந்த எண்ணெய் மண்ணுக்குள் போவதையே பார்த்துக்கொண்டு நின்றேன், அது ஞாபகம் வந்தது. அப்பா பாவம், இரவுக்கு விளக்கு இல்லை என்ற பயத்தில் அடித்தார். நானும் பாவம். என் பெரியவன் என்னிடம் அடி வாங்கியபோது அவனுக்கும் ஏழு வயது. அதற்குப் பிறகுதான் நான் ஜக்கெற்றைக் கழற்றிவிட்டு இருந்தேன்.

பார்வை நேரத்துக்கு இரண்டு விசயம். எப்ப வீட்டுக்கு வருவோம் என்று கேட்டால் திகதி சொல்லாதீர்கள், உங்களுக்கே தெரியாது, பொய்த்துப் போனால் பிள்ளை உங்களை நம்பாது. அடுத்தது, மகளிடம் ஏன் ரீச்சருக்குச் சொன்னாய் என்று ஒருநாளும் கேட்காதீர்கள். கண்ணாலும் கேட்காதீர்கள். நீ சொன்னது சரி, அம்மா அடித்தது பிழை, இது உன்னால் நடந்தது இல்லை என்று நீங்களாகச் சொல்லுங்கள்.

நேர்கோடு எழுதியது:

சகோதரி, உங்கள் நிலைமைக்கு மனம் வருந்துகிறேன். அக்கா எழுதியதை மதிக்கிறேன், ஆனால் மற்றப் பக்கத்தையும் நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும்.

என் தங்கையின் விசயத்தில் இரண்டு கிளாஸ் முடித்து, இரண்டு சேர்டிபிக்கேட்டும் கையில் இருந்தது. அந்த நேரம் பார்த்து வேர்க்கர் மாறினார். புது வேர்க்கர் பேப்பரைப் புரட்டிப் பார்த்துவிட்டு, இது கோபத்தைக் கட்டுப்படுத்துகிற கிளாஸ் இல்லையே, அதையும் செய்யுங்கள் என்றார். அதற்குக் காத்திருப்புப் பட்டியல் மூன்று மாதம். அந்த மூன்று மாதமும் பிள்ளை பொஸ்டர் வீட்டில், கோட்டில் நாள் எண்ணுகிறது. பட்டியல் நீளமாக இருப்பது அவளின் பிழையா?

இன்னொன்று. உங்களுக்கு முதலில் தேவைப்பட்டது இரவில் பிள்ளைகளோடு படுக்க ஓர் ஆள். அந்த ஆளை எந்தக் கிளாசும் தராது. இரவு வேலை செய்து வாடகை கட்டுகிற தாய்மாரைப் பிடித்து, பிள்ளை வளர்க்கத் தெரியாது என்று வகுப்பில் இருத்துவது எனக்குச் சரியாகப் படவில்லை, அதை எங்கேயும் சொல்வேன். போக வேண்டாம் என்று சொல்லவில்லை. போங்கள். ஆனால் எது எது முடித்தால் போதும் என்று இப்போதே எழுத்தில் வாங்குங்கள், வேர்க்கரோடு கதைத்த ஒவ்வொன்றையும் திகதி போட்டு ஒரு கொப்பியில் எழுதுங்கள், லோயருக்குத் தெரியாமல் எதிலும் கையெழுத்து வைக்காதீர்கள். வட்டமாக இருக்கிறோம் என்று மனதில் உள்ளதெல்லாம் அங்கே கொட்டவும் வேண்டாம்.

மொழிபெயர்ப்பாளர் எழுதியது:

நான் பல வருடமாக இந்த மாதிரி வழக்குகளிலும் வகுப்புகளிலும் தமிழ் மொழிபெயர்ப்புச் செய்கிறேன். லோயர் இல்லை, உங்கள் லோயர் சொல்வதுதான் கடைசிச் சொல். நேர்கோடு சொன்னதில் பாதிக்கு மேல் சரி, அதிலிருந்தே தொடங்குகிறேன்.

நாள் எண்ணுவது உண்மை. ஒன்ராறியோவில் இப்போது நடைமுறையில் இருப்பது 2017ஆம் ஆண்டுச் சட்டம், 2018 ஏப்ரல் 30இல் இருந்து அமுலில் இருக்கிறது. அதன்படி ஆறு வயதுக்குக் குறைந்த பிள்ளை மொத்தமாக 12 மாதம்தான் பிள்ளைப் பாதுகாப்பு நிறுவனத்தின் இடைக்காலப் பராமரிப்பில் இருக்கலாம், ஆறும் அதற்கு மேலும் என்றால் 24 மாதம். பிள்ளையின் நன்மைக்கு என்றால் நீதிபதி ஆறு மாதம் வரை நீட்டலாம், அதை நம்பி இருக்க வேண்டாம். அதற்குள் வீட்டுக்குத் திருப்பி அனுப்ப முடியாது என்று நீதிமன்றம் நினைத்தால் நிரந்தரமான ஏற்பாட்டைத்தான் பார்க்கும். உங்கள் மகனுக்கு நாலு வயது. ஆகவே 26 நாளை யோசித்துக் கழித்தது போதும், நாளைக்கே பெயர் கொடுங்கள். காத்திருப்புப் பட்டியல் என்றால், இன்ன திகதியில் பெயர் கொடுத்தார், இடம் இல்லை என்று அவர்களிடம் மின்னஞ்சல் வாங்கி லோயருக்கு அனுப்புங்கள், கெதியாகத் தொடங்குகிற வேறு வகுப்பை ஏற்றுக்கொள்வீர்களா என்று வேர்க்கரிடம் எழுத்திலேயே கேளுங்கள்.

வகுப்புக்குப் போவது குற்றத்தை ஒப்புக்கொள்வது ஆகாது. நீங்கள் எதை ஒப்புக்கொள்கிறீர்கள் என்பது உங்கள் லோயர் தாக்கல் செய்கிற பத்திரத்தில் இருக்கும். ஆனால் அங்கே சொல்வது எல்லாம் அந்த அறைக்குள்ளேயே இருக்கும் என்றும் நினைக்காதீர்கள். ஒரு பிள்ளைக்கு ஆபத்து என்று சந்தேகம் வந்தால் படிப்பிப்பவரும் அறிவிக்கத்தான் வேண்டும், இந்த மாகாணத்தில் அது எல்லாருக்கும் உள்ள கடமை. ரீச்சர் செய்ததும் அதுதான். வரவும் முன்னேற்றமும் வேர்க்கருக்குப் போவதற்கு உங்களிடம் சம்மதக் கையெழுத்துக் கேட்பார்கள். நான் பார்த்த வழக்குகளில் சேர்டிபிக்கேட்டை விட, இவர் முதல் நாள் எப்படி இருந்தார், பத்தாம் கிழமை எப்படி இருந்தார் என்று படிப்பித்தவர் எழுதிய அரைப் பக்கம்தான் பெரிதாக உதவியது. பார்வை நேரத்தில் மூலையில் இருந்து எழுதுகிறவரும் அந்த மாற்றத்தைத்தான் தேடுகிறார். கிளாசில் கேட்டதை அந்த அறையில் செய்து காட்டினால் அது அவரின் குறிப்பில் வரும்.

எந்த வகுப்பு என்றால், மகனின் வயதுக்கு நோபடிஸ் பெர்பெக்ட் என்று ஒன்று இருக்கிறது, 1987இல் இருந்து கனடா முழுக்க நடக்கிறது, பிறந்ததிலிருந்து ஐந்து வயது வரை உள்ள பிள்ளைகளின் பெற்றோருக்கு, அதிலும் தனியாக வளர்ப்பவர்கள், வருமானம் குறைந்தவர்களை நினைத்துச் செய்தது, காசு இல்லை. மகளையும் சேர்த்துப் பார்த்தால் டிரிப்பிள் பி என்ற வகுப்புப் பொருத்தம். அது அவுஸ்திரேலியாவில் குயின்ஸ்லாந்துப் பல்கலைக்கழகத்தில் உருவாகி இங்கே வந்தது. குழுவாக நடக்கும்போது பெரும்பாலும் எட்டு அமர்வு, அதில் மூன்று தொலைபேசியில். அக்கா சொன்ன பாராட்டு, கட்டளை குறைப்பது எல்லாம் அதிலும் வரும். ஆனால் உங்கள் வேர்க்கர் எதை ஏற்றுக்கொள்வார் என்று கேட்டுவிட்டுச் சேருங்கள், ஒரு வகுப்பை முடித்தபிறகு இது இல்லை என்று கேட்பது கொடுமை. 211க்கு அழைத்தால் உங்கள் பகுதியில் நடப்பதைச் சொல்வார்கள், தமிழில் கதைக்க வேண்டும் என்று கேளுங்கள். ஆங்கில வகுப்பு என்றாலும் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று வேர்க்கரிடம் கேட்கலாம். கேட்க வெட்கப்பட்டு, எல்லாம் விளங்கியது போல் தலையாட்டிவிட்டு, பிறகு ஒத்துழைக்கவில்லை என்று பெயர் வாங்கிய தாய்மாரைப் பார்த்திருக்கிறேன். நீதிமன்றத்துக்கும் அப்படியே, முன்கூட்டியே கேளுங்கள்.

அடிப்பதைப் பற்றி எங்கள் ஆட்களிடம் ஒரு குழப்பம் இருக்கிறது. பிள்ளையை அடிக்கச் சட்டம் இடம் தருகிறது என்று குற்றவியல் சட்டத்தின் 43ஆம் பிரிவைச் சொல்வார்கள். 2004இல் உச்ச நீதிமன்றம் அதற்கு எல்லை போட்டுவிட்டது. இரண்டு வயதுக்குக் குறைந்த பிள்ளையிலும் பதின்ம வயதுப் பிள்ளையிலும் கை வைக்கக்கூடாது, தலையில் அடிக்கக்கூடாது, பெல்ட், பிரம்பு, அகப்பை என்று எந்தப் பொருளாலும் அடிக்கக்கூடாது. அதோடு, பொலிஸ் வழக்குப் போடாவிட்டாலும் பிள்ளைப் பாதுகாப்பு வழக்கு தனியாக நடக்கும். பதினாறு வயதுக்குக் குறைந்த பிள்ளையைத் தகுந்த ஏற்பாடு இல்லாமல் தனியாக விடக்கூடாது என்பதும் சட்டத்தில் இருக்கிறது. எது தகுந்தது என்பது பிள்ளையின் வயதையும் நிலைமையையும் பொறுத்தது, எட்டும் நாலும் இரவு முழுக்கத் தனியாக என்றால் அதில் விவாதிக்க ஒன்றும் இல்லை.

அதனால் வகுப்பு ஒரு கை என்றால் இரவு ஏற்பாடு மற்றக் கை. நேர்கோடு சொன்னது போல அந்த ஆளை நீங்கள்தான் காட்ட வேண்டும். உறவினர் யாராவது இருக்கிறார்களா? பிள்ளைகளைச் சொந்தக்காரர் அல்லது அவர்களின் சமூகத்தைச் சேர்ந்தவர் வீட்டில் வைக்க முடியுமா என்று பார்ப்பது நீதிமன்றத்தின் கடமை. குடும்ப ஒன்றுகூடல் என்று ஒரு முறையும் இருக்கிறது, நியூசிலாந்தில் மாவோரி மக்களின் வழக்கத்தை வைத்து 1989இல் சட்டமாக்கியது, ஒன்ராறியோவிலும் செய்கிறார்கள். சொந்தக்காரர், பழகியவர்கள் எல்லாரும் ஒரு மேசையில் இருந்து, யார் இரவில் வருவார், யார் பள்ளிக்கூடத்தால் கூட்டி வருவார் என்று திட்டம் எழுதுவது. சாப்பாட்டோடு, தமிழிலேயே நடத்திய ஒன்றில் நான் இருந்திருக்கிறேன். வேர்க்கரிடம் கேளுங்கள்.

பூவரசம்பூ எழுதியது:

எல்லாருக்கும் நன்றி. வாசித்துவிட்டு நிறைய நேரம் அழுதேன், பிறகு 211க்கு அழைத்தேன். பிரம்டனில் என் ஒன்றுவிட்ட அக்கா இருக்கிறார். அவருக்கு நான் இன்னும் சொல்லவே இல்லை. அத்தான், மாமி எல்லாரும் இருக்கிற வீடு, சொன்னால் நாளைக்குக் கோயில் முழுக்கத் தெரிந்துவிடும். பிள்ளைகளின் அப்பாவுக்கும் சொல்லவில்லை, அவர் எங்கே இருக்கிறார் என்று மட்டும் தெரியும். மகளின் விசயத்தில்தான் எனக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை, நேற்றும் ஒரு சொல் கதைக்கவில்லை.

இரண்டுபிள்ளைஅப்பா எழுதியது:

தங்கச்சி, அக்காவுக்கு இன்றைக்கே சொல்லுங்கள். நான் ஏழு மாதம் ஒருவருக்கும் சொல்லாமல் இருந்தவன். கேட்டவர்களுக்குப் பிள்ளைகள் லண்டனில் பெரியம்மா வீட்டில் நிற்கிறார்கள் என்று சொன்னேன். அந்தப் பொய்யைக் காப்பாற்றுவதற்காகவே கோயிலுக்கும் போகவில்லை, ஒரு கலியாணவீட்டுக்கும் போகவில்லை. கடைசியில் தெரியவந்தபோது என் மச்சான் கேட்ட முதல் கேள்வி, விசரா, ஏன் எங்களிடம் முதலே சொல்லவில்லை, பிள்ளைகள் எங்கள் வீட்டில் இருந்திருப்பார்களே என்பதுதான். அந்த ஏழு மாதத்தை என் பிள்ளைகளுக்கு நான் திருப்பிக் கொடுக்க முடியாது.

என் விசயத்தில் அடி, சத்தம், மனிசியோடு சண்டை எல்லாம் இருந்தது, பிழை முழுக்க என்னுடையது. தகப்பன்மாருக்கு என்று கெயாரிங் டாட்ஸ் என்ற ஒரு நிகழ்ச்சி இருக்கிறது, இங்கே ஒன்ராறியோவில் லண்டன் நகரத்தில்தான் தொடங்கியது, 17 கிழமை. அங்கே முதல் நாள் கேட்டார்கள், உங்கள் பிள்ளையின் சிநேகிதரின் பெயர் என்ன, அவனுக்கு எதில் பயம் என்று. எனக்கு மகனின் கணிதப் புள்ளி தெரியும், மற்றது ஒன்றும் தெரியாது. அன்றைக்குப் பட்ட வெட்கம் பிறகு எங்கேயும் பட்டதில்லை. தாயை மதிக்காமல் பிள்ளைக்கு நல்ல அப்பனாக இருக்க முடியாது என்பதை அந்த 17 கிழமையில் எத்தனை விதமாகச் சொன்னார்கள் என்று கணக்கில்லை.

பிள்ளைகளின் அப்பாவை மறைக்க வேண்டாம். அவரும் பெற்றோர் என்றபடியால் வழக்கில் அவருக்கும் அறிவிப்பார்கள். அவரால் ஆபத்து ஏதும் இருந்தால் அதை லோயரிடமும் வேர்க்கரிடமும் தெளிவாகச் சொல்லுங்கள், ஆபத்து இல்லை என்றால் அவர் பக்கத்துச் சொந்தத்திலும் உதவிக்கு யாராவது இருக்கலாம்.

மேப்பிள்இலை எழுதியது:

என் தமிழ் எழுத்தில் பிழை இருந்தால் மன்னியுங்கள் அக்கா. எனக்கு இப்போது 23 வயது. ஒன்பது வயதில் எட்டு மாதம் பொஸ்டர் வீட்டில் இருந்தேன், தம்பியும் என்னோடு.

உங்கள் மகள் கதைக்காததைப் பற்றிச் சொல்லத்தான் எழுதுகிறேன். அம்மாவில் கோபம் என்று நீங்கள் நினைக்கலாம். எனக்குக் கோபம் இருக்கவில்லை. நான் வாய் திறந்ததால்தான் இதெல்லாம் நடந்தது, இனி வாய் திறந்தால் இன்னும் ஏதாவது நடக்கும் என்று நினைத்தேன். அதுவும் ஒருவர் இருந்து எழுதிக்கொண்டு இருக்கும்போது. தம்பி அழுதால் அவனை நான்தான் சமாளிப்பேன், அதனால் நான் அழக்கூடாது என்றும் நினைத்தேன். உங்கள் மகளும் இரவுகளில் தம்பியைப் பார்த்த பிள்ளைதானே.

அந்த வீட்டு ஆட்கள் அன்பானவர்கள், இப்போதும் கிறிஸ்மசுக்கு வாழ்த்து அனுப்புவார்கள். ஆனால் இரவில் எல்லாம் வேற மணம். என் அம்மா ஒருதரம் வீட்டில் நான் படுக்கிற தலையணையின் உறையைத் தோய்க்காமல் கொண்டுவந்து தந்தார், வேர்க்கரிடம் கேட்டுவிட்டுத்தான். அதை வைத்துக்கொண்டுதான் மிச்ச மாதம் முழுக்கப் படுத்தேன்.

அம்மா கிளாசுக்குப் போவது எனக்கு எப்படித் தெரியவந்தது என்றால், ஒருநாள் நான் தண்ணீரை மேசையில் ஊற்றிவிட்டேன். நான் உடனே அம்மாவின் கையைத்தான் பார்த்தேன். அம்மா மூச்சை ஒருதரம் எடுத்துவிட்டு, துணி எங்கே இருக்கும், இரண்டு பேரும் துடைப்போமா என்றார். அது முன்னம் இருந்த அம்மா இல்லை. வேர்க்கர் என்ன எழுதினார் என்று எனக்குத் தெரியாது, ஆனால் நான் அன்றைக்கு எழுதி வைத்தேன் என் டயறியில்.

கோண்டாவில்காரி எழுதியது:

தங்கம், நீ எழுதியதை வாசித்துவிட்டு என் பெரியவனைப் போய்க் கட்டிப்பிடித்தேன், என்னம்மா என்று கேட்டுவிட்டுப் பேசாமல் நின்றான். எழுதியதற்கு நன்றி.

பூவரசம்பூவுக்கு இன்னொரு விசயம், சொல்ல மறந்துவிட்டேன். வீட்டுக்கு வந்தவுடன் எல்லாம் முடியாது. எனக்கு ஆறு மாதம் மேற்பார்வை உத்தரவு இருந்தது, வேர்க்கர் வந்து போவார். வந்த முதல் மாதம் பிள்ளைகள் என்னைச் சோதித்துப் பார்த்தார்கள், இப்ப அடிப்பாவா, இப்ப அடிப்பாவா என்று. சின்னவன் வேண்டுமென்றே புட்டைக் கோப்பையோடு கீழே தள்ளினான். கிளாஸ் முடிந்தபிறகும் அதே நிலையத்தில் மாதம் ஒருதரம் பழைய ஆட்கள் கூடுவோம், அந்தக் கூட்டம் இல்லாவிட்டால் அந்த மாதத்தை நான் தாண்டியிருக்கமாட்டேன்.

பூவரசம்பூ எழுதியது:

ஒன்பது கிழமைக்குப் பிறகு எழுதுகிறேன், மன்னியுங்கள். இடையில் எழுத நேரமும் மனமும் வரவில்லை.

பிரம்டன் அக்காவுக்கு அன்று இரவே சொன்னேன். திட்டினார், பிறகு அழுதார், பிறகு அத்தானையும் கூட்டிக்கொண்டு வந்து வேர்க்கரைச் சந்தித்தார். வீட்டைப் பார்த்து, அவர்களைப் பற்றி விசாரித்து முடிக்க அஞ்சு கிழமை எடுத்தது. பிள்ளைகள் இப்போது அக்கா வீட்டில் இருக்கிறார்கள், நான் சனி ஞாயிறு போய் அங்கேயே பகல் முழுக்க நிற்கலாம். மகன் இடியப்பமும் சொதியும் கேட்டுக் கேட்டுச் சாப்பிடுகிறானாம். வேலையில் பகல் ஷிஃப்ட் கேட்டேன், மணிக்குக் கொஞ்சம் காசு குறைவு, ஆனால் தந்துவிட்டார்கள். பகல் ஷிஃப்ட் தந்த கடிதத்தை லோயர் கோட்டுக்குக் கொடுத்திருக்கிறார். நேர்கோடு அண்ணா சொன்னபடி கொப்பியும் வைத்திருக்கிறேன், ஒருதரம் அது உதவியும் விட்டது.

கிளாஸ் ஆறாவது கிழமை. கிளாசுக்கு என்று கேட்ட மொழிபெயர்ப்பாளர் முதல் இரண்டு கிழமையும் வரவில்லை, மூன்றாவதில் இருந்து வருகிறார். யுத்தம் முடிந்தபோது எங்களை அடைத்து வைத்த மெனிக் பாம் முகாமில் இருந்த காலத்தைப் பற்றி நான் ஒருவருக்கும் கதைத்ததில்லை, அங்கே கொஞ்சம் கதைத்தேன். மற்றப்படி இன்னும் சத்தம் போடுகிறேன், ஆனால் போட்டபிறகு எனக்கே கேட்கிறது.

மகளுக்கு அந்தச் சொல்லைச் சொல்ல எனக்கு நாலு சந்திப்பு எடுத்தது. நீ ரீச்சருக்குச் சொன்னது சரி, அம்மா அடித்தது பிழை, இது உன்னால் நடந்தது இல்லை என்றேன். நிமிரவில்லை. கனநேரம் கீறிக்கொண்டே இருந்துவிட்டு, அந்த அகப்பை இன்னும் குசினியில் இருக்கிறதா என்று கேட்டாள். எறிந்துவிட்டேன் என்றேன். அப்ப சோறு எதால போடுறீங்க என்றாள். கரண்டியால் என்றேன். யோசித்துப் பார்த்துவிட்டு, தான் வைத்திருந்த நாவல் நிறக் கிரேயனை எனக்குத் தந்து, மற்றப் பக்கத்தை நீங்கள் நிறம் தீட்டுங்கள் என்றாள்.

வருகிற மாதம் கோட். பின்னேரம் மூன்றரைக்குப் பள்ளிக்கூடம் விட்டால் நான் வேலையால் வர ஐந்து ஆகும், அந்த நேரத்துக்குப் பள்ளிக்கூடத்திலேயே நடக்கிற பராமரிப்புக்கு நகரசபை உதவிப்பணம் கிடைக்குமா, யாராவது ஸ்காபரோவில் விண்ணப்பித்திருக்கிறீர்களா? எவ்வளவு நாள் எடுத்தது என்று சொன்னால் உதவியாக இருக்கும், திட்டத்தில் எழுத வேண்டும்.